மெழுகு பூசிய பலகை

ஐயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா அதை வாசலிலேயே பிரித்து, ஒரு தடவை சத்தமாகவும் ஒரு தடவை மனதுக்குள்ளும் படித்துவிட்டு என்னிடம் தந்தார். பயிற்சி முடிந்துவிட்டது, தொழில் அதிகாரியாக முதல் வேலை வடக்கே ஒரு வறண்ட மாவட்டத்தில், அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு அப்புறம் எழுதியிருந்ததைப் படித்தபின் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. நேர்முகத் தேர்வில் ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டார்களாம். பின்தங்கிய கரிசல் காட்டில் புது முறையில் முதல் தொழில் தொடங்கிய பெண் என் அம்மா என்று நீ சொன்னாயாம். பயிற்சி நிலையத்து நூலகத்தில் ஒரு பழைய அறிக்கையில் என் படத்தைப் பார்த்து எல்லாரிடமும் காட்டினாயாம். நீ போகிற ஊரிலும் பருத்திதான் விளைகிறது, ஆகவே போனதும் முதல் காரியமாக அம்மாவின் பலகைத் தொழிலை அங்கே பத்துக் குடும்பங்களுக்கு ஏற்பாடு செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். ஐயா, அந்த அறிக்கையில் என்னைப் பற்றி இருப்பது உண்மை இல்லை. அந்தப் பொய்யை எழுதியவர்கள் அதிகாரிகள் என்றாலும் சொன்னவள் நான். நீ மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் திருநெல்வேலியில் வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு பசுவந்தனைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அந்தப் பட்டம் கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மழையைப் பார்த்து விதைக்கிற ஊர் நம்முடையது. பருத்தியும் கம்பும் உளுந்தும் போட்டு, ஐப்பசி பொய்த்தால் அடுத்த ஐப்பசிவரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டும். நிலம் இருந்தவர்களுக்கே இந்தப் பாடு. மற்றவர்களுக்குக் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள, தீக்குச்சி அடுக்குகிற தீப்பெட்டி ஆபீஸ்களை விட்டால் வேறு வேலை இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பருத்தி எடுத்த நாட்களில், படித்ததெல்லாம் இந்தக் கரிசல் மண்ணின் வெடிப்புக்குள் விழுந்து போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன். உன் அப்பா நல்லவர். ஆனால் நல்லவர் வீட்டிலும் மூச்சு முட்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் தொழில் அலுவலகம் ஒன்று எங்கள் பக்கத்துக்கு வந்தது. அந்த அரசாங்க யோசனையை நான் இன்றைக்கும் கெட்டது என்று சொல்லமாட்டேன். பின்தங்கிய வட்டாரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், பொருள் இருக்கிறது, அறிவுதான் வந்து சேரவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டுபிடித்துச் சும்மா கிடக்கிற புது முறைகளை அங்கே கொண்டுபோனால் ஊர் நிமிரும் என்பது அவர்களுடைய கணிப்பு. கொட்டகை, மின்சாரம், கடன், சலுகை எல்லாம் ஒரே இடத்தில் கொடுப்பார்கள். முதலில் ஒருவர் ஜெயித்தால் போதும், அதைப் பார்த்து மற்றவர்கள் தானாக வருவார்கள். இந்தக் கடைசி வாசகத்தை நீயும் பயிற்சியில் படித்திருப்பாய். எங்களைப் பொறுத்தமட்டில் அது அப்படியே பலித்தது. என்னைப் பார்த்து ஒருவர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு கூட்டம் போட்டார்கள். அப்பா உரம் வாங்கப் போனவர் என்னையும் கூட்டிப்போனார். அதிகாரி ஒல்லியான மனிதர், வெளியூர்க்காரர், தொண்டை கட்டியிருந்தது. சிலேட் அளவு பலகை ஒன்றைக் கையில் எடுத்து, "இது எதுல செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "பருத்திமாரு" என்றார். கூட்டம் சிரித்தது. பருத்தி எடுத்தபின் காட்டிலிருந்து பிடுங்கி அடுப்பில் வைக்கிற காய்ந்த செடியில் பலகையா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து, "என்ன பசை போட்டு, எவ்வளவு சூட்டுல அழுத்துனாங்க?" என்று கேட்டேன். அவர் பலகையை மேசையில் வைத்தார். பிறகு, "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக நான் பத்து வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அப்பா தடுக்கவில்லை. "படிச்ச படிப்புக்கு இப்பவாது ஒரு வழி வருதே, செய்யி" என்று சொல்லி நிலப் பத்திரத்தை ஜாமீனுக்குக் கொடுத்தார். தொழிற்பேட்டை ஊருக்கு வெளியே பொட்டலில் இருந்தது. கொட்டகைகள் வரிசையாக, ஒன்றில்கூட ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. எனக்கு முதல் கொட்டகை. மாரை நறுக்குகிற இயந்திரம், பசை கலக்குகிற தொட்டி, சூட்டில் அழுத்துகிற பிரஸ் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. கூடவே செய்முறைத் தாள் ஒன்றும் வந்தது. அந்தக் கோடையில் வந்த பலகைகள் நன்றாக இருந்தன. தட்டினால் கணீரென்று கேட்கும். நான் தரையில் நடக்கவில்லை. பருத்தி எடுத்து முடிந்த காடுகளிலிருந்து மாரை வண்டி வண்டியாக ஏற்றினோம். பக்கத்துக் காட்டுக்காரி ஒருத்தி வண்டியை மறித்து, "பூராத்தையும் அள்ளிட்டுப் போறீயளே, நாங்க எதை வச்சு ஒலை கொதிக்க வைக்க?" என்று கேட்டாள். "தொழில் வளந்தா நீயெல்லாம் கேஸ் அடுப்பே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னேன். வெறும் கழிவு என்று திட்டத்தில் எழுதியிருந்த மார் அவள் வீட்டு விறகு. அதைக் கண்ணால் பார்த்திருந்தும் தாளில் எழுதியிருந்ததை நம்பினேன். வீணாய்ப் போகிற பொருள் என்று உன் கோப்பில் எதையாவது எழுதியிருந்தால், அதை யார் வீட்டில் எரிக்கிறார்கள், எந்த ஆடு தின்கிறது என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. அடுக்கி வைத்திருந்த பலகைகள் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பின. விரலால் குத்தினால் குழி விழுந்தது. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். மாரின் நடுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிச் சோறு இருக்கும் அல்லவா, அதுதான் தண்ணீரைக் குடிக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் பயன்படுத்தியது தண்ணீர் பாய்ச்சி வளர்த்த தடித்த செடியாக இருந்திருக்க வேண்டும். நம் மானாவாரிச் செடி ஒல்லி. கட்டை குறைவு, தோலும் சோறும்தான் அதிகம். இதை எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் மேலே அனுப்பினார். செய்முறைத் தாளைச் சரியாகப் பின்பற்றவும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பின்னாலேயே இன்னொரு செய்தியும் வந்தது. திட்டத்தைப் பார்வையிடச் சென்னையிலிருந்து பெரிய குழு ஒன்று வருகிறது. அதிகாரி என் கொட்டகைக்கே வந்து, "அன்னைக்கு மட்டும் ஒரு கோளாறும் வரக்கூடாதும்மா. வந்தா இந்தப் பேட்டையவே மூடிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், இருந்ததில் நல்ல பலகைகளாகப் பன்னிரண்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மெழுகை உருக்கி அவற்றின் முகத்திலும் ஓரங்களிலும் பூசித் துணியால் தேய்த்தேன். அப்பா சாப்பாடு கொண்டுவந்தவர் நின்று பார்த்தார். "என்ன செய்யுத?" என்றார். "மெருகு போடுதேன்" என்றேன். அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மறுநாள் குழுத் தலைவர் பலகையைத் தடவிப் பார்த்தார். "மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டுவிட்டு, மேசையில் இருந்த கூஜாவை எடுத்து அதன்மேல் தண்ணீரைச் சாய்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். "இது உங்களால மட்டும்தான் முடியுமா, இல்ல எல்லாராலயும் முடியுமா?" என்றார். "எல்லாராலயும் முடியும் சார்" என்றேன். நீ பார்த்த படம் அந்த நேரத்தில் எடுத்தது. அதில் நான் சிரிக்கிற மாதிரித் தெரியும். அந்தச் சிரிப்பிலிருந்து இன்றுவரை என்னால் வெளியே வர முடியவில்லை, ஐயா.

அந்தக் கூட்டத்தில் மாடசாமி என்று ஒருவர் நின்றிருந்தார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் கிடை போடுகிற குடும்பம். காடுகாடாக ஆடுகளை அடைத்து, அதன் எருவுக்கு நிலம் உள்ள சம்சாரிகள் கொடுக்கிற தானியத்தை வாங்கிப் பிழைத்தவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தார். தண்ணீர் உருண்டதை அவர் முன்வரிசையில் நின்று பார்த்தார். ஒரு மாதம் கழித்து, கிடை முழுவதையும் விற்றுவிட்டு, என் கொட்டகைக்கு அடுத்த கொட்டகையை எடுத்தார். கூடவே மனைவி பேச்சியும் வந்தாள். வந்த அன்றைக்கு மாடசாமி என்னைப் பார்த்து, "ஒங்களப் பாத்துத்தான் அக்கா தைரியம் வந்துச்சு" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் பிரஸ்ஸைத் திருப்பி அனுப்ப இன்னும் கெடு இருந்தது. அதற்குள் ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பசை கலக்கும் பக்குவத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோடை முழுவதும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தோம். பேச்சி கம்பங்கூழ் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு செம்பு ஊற்றுவாள்.

அடுத்த ஐப்பசியில் அவர் என் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கையில் உப்பிய பலகை. "அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒங்க பலகையில தண்ணி நிக்காம உருண்டுச்சு, எங் கண்ணால பாத்தேன். எம் பலகை குடிச்சிட்டு இப்பிடிக் கெடக்கு. நான் எங்கனயோ தப்புப் பண்ணுதேன். எங்கனன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஒங்கிட்ட தப்பு இல்ல தம்பி. அன்னைக்கு நான் மெழுகு பூசியிருந்தேன்" என்றேன்.

"அப்ப எனக்கும் அந்த மெழுகு பூசுததச் சொல்லித் தாங்க."

"பூசுனா ரெண்டு நாளைக்குத்தான் நிக்கும். வெயில் பட்டா வழிஞ்சிரும். அது அவியளுக்குக் காட்டுததுக்குச் செஞ்சது."

விளங்கியதும் அவர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். பின்னால் நின்ற பேச்சி என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா கிடைய வித்திருக்க மாட்டோம். பாதி ஆடு சினை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் காலையில் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள், என் கொட்டகைக்கு. நறுக்கிய மாரைச் சல்லடையில் போட்டுச் சலித்துச் சோற்றை அகற்றிவிட்டு அழுத்தினால் என்ன என்று மாடசாமிதான் கேட்டார். மூன்று பேரும் கையால் சலித்தோம். கண்ணிலும் மூக்கிலும் தூசி. பாதிக்குப் பாதி கழிவாகப் போனாலும், மிஞ்சியதில் செய்த பலகை தண்ணீரில் ஒரு பகல் கிடந்தும் உப்பவில்லை. அந்தப் பேட்டையில் உண்மையாகவே புதிதாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "சலிக்கறது அங்கீகாரம் வாங்குன முறையில இல்லையேம்மா. முறைய மாத்தணும்னா பழைய முறை தப்புன்னு எழுதணும். உங்களக் காட்டித்தான் இன்னும் மூணு மாவட்டத்துக்கு ஆர்டர் போட்டிருக்காங்க" என்றார். அப்படியானால் கொட்டகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். உற்பத்தி நடக்கிறது, விரிவாக்கம் நடக்கிறது, தற்காலிக நிறுத்தம். மூன்று கட்டம். "தோத்துப்போச்சுன்னு எழுத இதுல எடம் இல்லம்மா. நானும் இதுக்குள்ள மாட்டிக்கிட்டவன்தான்."

நான் நடந்த எல்லாவற்றையும், மெழுகு உட்பட, ஒரு மனுவாக எழுதினேன். மாடசாமியும் கூட வந்தார். அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். "இத நான் மேல அனுப்புனா பொய்க்காட்சி காட்டுனதுக்கு மொதல்ல உங்க மேலதான் கேஸ் வரும். ஜாமீன் நிலமும் போயிரும். யோசிச்சுக்கோங்க" என்று சொல்லி மேசைமேல் வைத்தார். மிரட்டினார் என்று சொல்லமாட்டேன், இருந்ததைச் சொன்னார். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். உன்னை நினைத்தேன், அப்பாவை நினைத்தேன். எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடசாமி, "குடுத்துட்டீங்களா அக்கா?" என்றார். "குடுத்தாச்சு." "என்ன சொன்னாரு?" "பதில் வரும்னாரு."

முதல் பொய்யைச் சொன்னபோது என்னைச் சுற்றி நூறு பேர் இருந்தார்கள், கை தட்டினார்கள், அது தலைக்கு ஏறிச் சொன்னது. இரண்டாவதை ஒரே ஒருவரின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போவார். தை வரைக்கும் பார்த்தார். பிறகு ஒரு நாள் கொட்டகையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து, "பதில் வந்தா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, பேச்சியைக் கூட்டிக்கொண்டு, துணி தைக்கிற புதியம்புத்தூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். என் கொட்டகையை நான் விடவில்லை, விடவும் முடியவில்லை. நனையாத இடத்தில் வைக்கிற சின்னப் பலகைகளாகச் செய்து தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் கொடுத்துவந்தேன். படிவத்தில் வருஷா வருஷம் முதல் கட்டத்தில் குறி போட்டார்கள். புதிதாக யார் வந்தாலும் என்னைக் கூட்டிப்போய் மேடையில் உட்காரவைத்தார்கள். ஊரில் எல்லாரும் உன்னிடம் அம்மா பெரிய ஆள் என்றார்கள். நீ அதைக் கேட்டு வளர்ந்தாய். வீட்டிலும் எனக்கு நிஜ முகம் இல்லாமல் போயிற்று. அந்த மூன்று மாவட்டங்களில் எத்தனை பேர் எதையெல்லாம் விற்றுவிட்டு வந்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நீ நாலாவது மாவட்டத்துக்குப் போகிறாய். அங்கே என்னைப் போல ஒருத்தி எழுந்து நல்ல கேள்வி கேட்பாள், உனக்கும் மனம் குளிரும். அவளைப் பிடித்து மேடையில் ஏற்றிவிடாதே. அவள் முடியும் என்று சொன்னால், முடியாது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று முதலில் பார். முடியாது என்று சொல்லிவிட்டு அவள் தன் நிலத்தோடும் மரியாதையோடும் வீட்டுக்குப் போக முடியாவிட்டால், அவள் சொல்கிற முடியும் என்பதற்கு அர்த்தமே இல்லை. உள்ளே வர வழி காட்டுகிற திட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். வெளியே போக வழி வைத்த திட்டத்தை நான் பார்க்கவில்லை. புதியம்புத்தூரில் ரெடிமேடு தைக்கிறார்களே, நான் கேட்டமட்டில் அவர்களை யாரும் மேடையில் ஏற்றவில்லை. ஒருவர் கவுன் தைத்தார், அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து அந்தக் கவுனின் கையை மட்டும் மாற்றித் தைத்தார். சரிவராதவர் மறு வாரமே விட்டுவிட்டு வேறு தைத்தார். விட முடிந்ததால்தான் அங்கே புதிது புதிதாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ படித்தவன், தப்பாக இருந்தால் திருத்து. பருத்திமாரில் பலகை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சலித்துச் செய்த முறையைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் எது தேறவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் படத்தைக் காட்டி ஒருவரைக்கூடக் கூப்பிடாதே.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பாவிடம் இதையெல்லாம் உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். "எழுது. அன்னைக்கு நானும்தான் வெளிய போயி நின்னுக்கிட்டேன்" என்றார். வியாழக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் புதியம்புத்தூர் போனேன். மாடசாமி ஒரு ரெடிமேடு கடையில் இஸ்திரி போடுகிறார். பேச்சி உள்ளே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள். பகல் முழுவதும் நின்று நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது. முன்னால் சின்னப் பிள்ளைகளின் கவுன்கள் குவிந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும், "வாங்க அக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த மனுவை நான் கொடுக்கவே இல்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "அதுக்கு வந்த பதிலு தபால்ல எங்கனயோ தவறிப்போச்சுன்னுல்லா இத்தன வருசமும் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு உன் வேலையைப் பற்றிச் சொல்லி, என் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

ஒரு கவுனை விரித்துச் சுருக்கத்தை நீவினார். "போடுங்க. ஆனா மாடசாமி ஏமாந்தான்னு எழுதாதீங்க அக்கா. ஒங்கள நம்புனான்னு எழுதுங்க."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், ஐயா.

அம்மா